எஸ்12000 என்றால் 12,000 சுற்று: சிஎன்சி ஸ்பிண்டில் வேகத்தைக் கணினியின் பொறுப்பில் விட ஒரு முழு வழிகாட்டி

சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தின் நிரலில் ‘எம்3 எஸ்12000’ என்று ஒரு வரி இருக்கிறது: பிட்டைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓட்டு என்று பொருள். அந்த மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டியின் முகப்பில் உள்ள குமிழைத் திருப்பிக் கையால் வேகம் வைக்கும் இயந்திரத்தில் அந்த வரி வெறும் அலங்காரம். கட்டுப்பாட்டுப் பலகை அதைப் படிக்கும், சரி என்று பதில் அனுப்பும், அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்பிண்டிலோ கடைசியாகக் குமிழ் எங்கே நின்றதோ அந்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மரத்தைக் குடைந்த வேகத்திலேயே அக்ரிலிக்கை வெட்டப் புகுந்தால் சீவல் வெளியேறாமல் உருகி, பிட்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பிட் மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் குமிழைத் தேடிப் போக வேண்டும்.

பொழுதுபோக்குப் பட்டறைகளில் அதிகம் காணப்படும் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்: ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள், மூன்று ஃபேஸ் ஸ்பிண்டிலை ஓட்டும் ஹுவான்யாங் வகை விஎஃப்டி. வேறு பலகை, வேறு விஎஃப்டி வைத்திருப்பவர்களுக்கும் தத்துவம் இதுதான். முனைகளின் பெயரும் அளவுரு எண்களும் மட்டும் மாறும். அவற்றை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கிலி, நான்கு கண்ணிகள்

கணினி விஎஃப்டியிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஓடு அல்லது நில். மற்றொன்று, எவ்வளவு வேகம். வேகத்துக்கான ஒயரை மட்டும் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

வேகம் போகும் பாதை இது. நிரலில் உள்ள எஸ் எண்ணை ஜிஆர்பிஎல் துடிப்பகலமாக, அதாவது பிடபிள்யூஎம் சமிக்ஞையாக மாற்றுகிறது. ஒரு சிறிய மின்சுற்று அதை 0 முதல் 10 வோல்ட் வரையிலான நிலையான மின்னழுத்தமாக்குகிறது. விஎஃப்டி அந்த வோல்ட்டை 0 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணாக மாற்றுகிறது. அந்த ஹெர்ட்ஸ்தான் சுற்றாகிறது. இரண்டு துருவ மோட்டாரில் ஹெர்ட்ஸை 60ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று கிடைக்கும். 400 ஹெர்ட்ஸ் என்றால் 24,000.

ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு அடி எல்லை, ஒரு உச்ச எல்லை உண்டு. எல்லாக் கண்ணிகளிலும் அடி அடியோடும் உச்சம் உச்சத்தோடும் பொருந்தினால் எஸ் எண் உண்மை பேசும். எங்காவது ஒன்று விலகினாலும் ஸ்பிண்டில் சுற்றத்தான் செய்யும், ஆனால் பொய்யான வேகத்தில். அதனால் எல்லாவற்றையும் இணைத்துவிட்டுக் கடைசியில் சோதிக்காதீர்கள். ஒரு கண்ணியை மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே அடுத்ததைக் கோக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது.

கை வைக்கும் முன்

220 வோல்ட் வகை விஎஃப்டிக்குள் மின்சாரம் நேர்மின்சாரமாக்கப்பட்டு, 300 வோல்ட்டுக்கு மேல் பெரிய மின்தேக்கிகளில் தேங்கி நிற்கிறது. மெயின் சுவிட்சை அணைத்ததும் அது போய்விடாது. திரை அணைந்த பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு பி, என் முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்து அளந்துவிட்டே மூடியைத் திறங்கள்.

விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே சுவிட்ச், கான்டாக்டர் எதையும் வைக்கக் கூடாது. ஓடும்போது அந்த இணைப்பு அறுந்தால் விஎஃப்டியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் பழுதாகும். அவசர நிறுத்தப் பொத்தான் வைப்பதற்கு வேறு இடம் இருக்கிறது, அதையும் நான்காம் படியில் பார்ப்போம்.

முதல் சோதனைகள் எல்லாவற்றையும் பிட் இல்லாமல் செய்யுங்கள். பிட்டைப் பிடித்து வைக்கும் காலட் நட்டையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிட் இல்லாமல் தளர்வாக நிற்கும் நட், வேகத்தில் கழன்று பறக்கக்கூடும். தண்ணீர் குளிர்விப்பு ஸ்பிண்டில் என்றால் சோதனை ஓட்டத்துக்கும் பம்ப் ஓட வேண்டும்.

படி 1: முதலில் முகப்பிலிருந்து ஓட்டிப் பாருங்கள்

கணினியை மறந்துவிட்டு விஎஃப்டியும் ஸ்பிண்டிலும் மட்டும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பாருங்கள். யு, வி, டபிள்யூ முனைகளிலிருந்து நான்கு கம்பி ஷீல்டு கேபிள். நான்காவது கம்பி எர்த். கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த்தோடு சேர்ப்பதே மோட்டார் கேபிளுக்குச் சரியான முறை.

இந்த எர்த் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்பிண்டிலின் தலையில் உள்ள வட்டமான நான்கு முள் இணைப்பானைப் பார்த்தால் நான்காவது முள் எர்த் என்றுதான் எவருக்கும் தோன்றும். மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் அந்த முள் உள்ளே எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. மீட்டரைத் தொடர்ச்சி ஒலி நிலையில் வைத்து, ஒரு முனையை நான்காவது முள்ளிலும் மறு முனையை ஸ்பிண்டிலின் உலோக உடம்பிலும் வையுங்கள். ஒலி வராவிட்டால் மேல் மூடியைத் திறந்து உடம்போடு ஒரு கம்பியைத் திருகி அந்த முள்ளில் பற்றவையுங்கள். இது உயிர்ப் பாதுகாப்பு. பின்னால் வரும் மின் இரைச்சல் தொல்லையில் பாதியைக் குறைப்பதும் இதுதான்.

அடுத்து விஎஃப்டியின் அளவுருக்கள், அதாவது அதனுள் பிடி எண்களால் அமைக்கும் மதிப்புகள். பொது நோக்க விஎஃப்டிகளில் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றே பெரும்பாலும் ஆலையில் வைத்து அனுப்பப்படுகிறது. அதாவது 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டையும் மோட்டாருக்குக் கொடுத்துவிடும். 400 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஸ்பிண்டில் அதைத் தாங்காது. சுருள் கருகும். எனவே ஓடு பொத்தானை முதல்முறை அழுத்துவதற்கு முன்பே இவற்றை அமைத்துவிடுங்கள்:

பிடி005, உச்ச அதிர்வெண்: 400. இதை முதலில் வையுங்கள். இல்லாவிட்டால் மற்றவை 400ஐ ஏற்காது.
பிடி004, அடிப்படை அதிர்வெண்: 400.
பிடி003, முதன்மை அதிர்வெண்: 400.
பிடி008, உச்ச மின்னழுத்தம்: 220.
பிடி011, அதிர்வெண்ணின் கீழ் எல்லை: காற்றுக் குளிர்விப்புக்கு 120, தண்ணீர் வகைக்கு 100 என்பது பொதுவான வழக்கம்.
பிடி014, பிடி015, வேகம் கூட்டவும் குறைக்கவும் எடுக்கும் நேரம்: தொடக்கத்தில் 10 விநாடி.
பிடி141, பிடி142: மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள வோல்ட், ஆம்பியர்.
பிடி143, துருவ எண்ணிக்கை: 2.
பிடி144, 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் சுற்று: 3000.
பிடி001, பிடி002: இரண்டும் 0. ஓட்டக் கட்டளையும் வேகமும் முகப்பிலிருந்து என்று பொருள்.

கீழ் எல்லை எதற்கு என்றால், காற்றுக் குளிர்விப்பு ஸ்பிண்டிலின் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், முறுக்கு விசையும் போதாது, சூடு மட்டும் ஏறும்.

இப்போது ஓட்டுங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஸ்பிண்டில் கடிகார திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசை என்றால் யு, வி, டபிள்யூவில் ஏதாவது இரண்டை மட்டும் மின்சாரம் அணைத்து இடம் மாற்றுங்கள்.

படி 2: கட்டுப்பாட்டுப் பலகையில் சமிக்ஞை எங்கே வருகிறது

ஜிஆர்பிஎல் 1.1, ஊனோவின் டி11 முனையில் பிடபிள்யூஎம் வெளியிடுகிறது. அந்த முனையில் முன்பு இசட் அச்சின் எல்லையை உணரும் லிமிட் சுவிட்ச் இருந்தது; அது டி12க்குப் போய்விட்டது. டி12க்கு இல்லாத, வன்பொருள் வழியாகத் துடிப்பகலம் உருவாக்கும் வசதி டி11க்கு இருக்கிறது என்பதே இந்த இடமாற்றத்துக்குக் காரணம்.

ஊனோவின் மேல் செருகும் சிவப்பு நிற சிஎன்சி ஷீல்டு வி3 பலகை இந்த மாற்றத்துக்கு முந்தைய வடிவமைப்பு. அதில் அச்சிட்ட பெயர்கள் பழைய ஏற்பாட்டையே சொல்கின்றன. ‘ஸ்பிண்டில் எனேபிள்’ என்று எழுதிய முனையில் இப்போது இசட் லிமிட் சுவிட்ச் வர வேண்டும். ‘இசட் லிமிட்’ என்று எழுதிய முனையில்தான் வேகச் சமிக்ஞை கிடைக்கும். எழுத்தை நம்பி இணைத்தால் லிமிட் சுவிட்ச் அழுத்தப்படும் நேரத்தில் டி11 தரையோடு குறுக்கிணைப்பாகும். ஊனோவின் அந்த முனைக்கு அது நல்லதல்ல. ஒரு சிறு ஒட்டுத்தாளில் சரியான பெயரை எழுதிப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்திருப்பீர்கள்.

ஜிஆர்பிஎல்லில் மூன்று அமைப்புகள் முக்கியம். $30 என்பது உச்ச வேகம், 24000 என்று கொடுங்கள். தொடக்க மதிப்பு 1000 என்பதால், இதை மாற்றாவிட்டால் எஸ்1000க்கு மேல் எதைக் கொடுத்தாலும் முழு வேகம்தான். $32 என்பது லேசர் நிலை. 0 ஆக இருக்க வேண்டும். அது 1 ஆக இருந்தால் வேகம் மாறும் இடங்களில் இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், எம்4 கட்டளையும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

மூன்றாவது $31, குறைந்தபட்ச வேகம். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஸ்பிண்டில் 7200க்குக் கீழே போகக் கூடாது, எனவே $31=7200 என்று வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஜிஆர்பிஎல் $31ஐ வெறும் தடுப்பாக மட்டும் கொள்வதில்லை; அதைத்தான் துடிப்பகலத்தின் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. 7200 என்றால் ஏறக்குறைய பூஜ்யம் சதவீதம், 24000 என்றால் நூறு சதவீதம். அப்போது எஸ்12000க்கு வெளிவருவது ஐம்பது சதவீதம் அல்ல, 28.6 சதவீதம். விஎஃப்டிக்குப் போவது 2.86 வோல்ட். அது பூஜ்யம் வோல்ட்டைப் பூஜ்யம் ஹெர்ட்ஸாகக் கணக்கிடுவதால் கேட்கும் வேகம் 114 ஹெர்ட்ஸ், அதாவது சுமார் 6,860 சுற்று. கேட்டது பன்னிரண்டாயிரம், கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். எனவே $31ஐ 0 ஆகவே விடுங்கள். குறைந்த வேகத்தைத் தடுக்கும் வேலையை விஎஃப்டியின் பிடி011 பார்த்துக்கொள்ளும்.

இப்போது விஎஃப்டியை அணைத்துவிட்டு, டி11க்கும் தரை முனைக்கும் இடையே மீட்டரை நேர்மின்சார வோல்ட் நிலையில் வையுங்கள். எம்3 எஸ்24000 கொடுத்தால் சுமார் 5 வோல்ட், எஸ்12000 என்றால் 2.5, எஸ்6000 என்றால் 1.25. துடிப்புகளின் சராசரியைத்தான் மீட்டர் காட்டுகிறது. ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்5 கொடுத்தால் பூஜ்யம். யுஎஸ்பியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் ஊனோவில் 5க்குப் பதில் 4.7 வரலாம், கவலை வேண்டாம், அடுத்த படியில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அளவிடும்போதும் பிறகு வேலை செய்யும்போதும் ஒரே மின்வழங்கியைப் பயன்படுத்துங்கள்.

டி11லிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் மின்தடையும் போட்டுவிடுங்கள். ஊனோ மறுதொடக்கம் ஆகும் நேரத்தில் அதன் முனைகள் எதையும் சொல்லாமல் மிதக்கும்; இந்த மின்தடை அந்த நேரத்தில் சமிக்ஞையைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கும்.

படி 3: துடிப்பை வோல்ட்டாக்குதல்

இதற்கென்றே எல்எம்358 செயல்பெருக்கி வைத்த சிறிய மாட்யூல்கள் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது எளிய விஷயம்தான்: ஒரு மின்தடையும் மின்தேக்கியும் துடிப்பைச் சமனாக்குகின்றன, செயல்பெருக்கி அதை இரட்டிப்பாக்குகிறது. சொந்தமாகச் செய்ய விரும்பினால் 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போதும். ஊனோவில் ஜிஆர்பிஎல் 1.1இன் துடிப்பு விநாடிக்குச் சுமார் 976 முறை வருகிறது. இந்த மதிப்புகளோடு இரட்டித்த பிறகு எஞ்சும் அலைவு ஏறக்குறைய 25 மில்லிவோல்ட், அதாவது 24,000இல் 60 சுற்று. 1 மைக்ரோஃபாரட் போட்டால் அலைவு பத்து மடங்காகி ஸ்பிண்டில் 600 சுற்று வரை ஊசலாட இடமுண்டு. மின்தேக்கி பெரிதானால் மாற்றம் மெதுவாகும் என்று சிலர் அஞ்சுவார்கள். வேகம் ஏறவே பத்து விநாடி எடுக்கும் மோட்டாருக்கு ஒரு விநாடிக்கும் குறைந்த தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

மாட்யூலுக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் கவனம் தேவை. எல்எம்358இன் வெளியீடு, அதன் வழங்கு மின்னழுத்தத்துக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 12 வோல்ட் கொடுத்தால் 10.5 வரை ஏறும், சரி. அதே அடாப்டர் 11.3 வோல்ட்தான் தருகிறது என்றால் உச்சியில் 9.8லேயே வெட்டுப்பட்டு, எஸ்24000 ஒருபோதும் 400 ஹெர்ட்ஸைத் தொடாது. விஎஃப்டியின் 10 வோல்ட் முனையிலிருந்து எடுத்தால் என்ன என்ற கேள்விக்கும் இதே பதில்: 8.5 வோல்ட்டைத் தாண்டாது. 15 அல்லது 24 வோல்ட் வழங்கி வசதி. ஆனால் 24 வோல்ட் கொடுத்த மாட்யூலின் திருகு தவறான இடத்தில் இருந்தால் 20 வோல்ட்டுக்கு மேலும் வெளிவரும். அதை விஎஃப்டியின் உள்ளீட்டுக்கு அனுப்பினால் அதற்கு ஆபத்து. எனவே முதலில் மாட்யூலைத் தனியாகச் சோதியுங்கள்.

எஸ்12000 கொடுத்து, வெளியீட்டில் மீட்டரை வைத்து, நீல நிறத் திருகை மெல்லத் திருப்பிச் சரியாக 5.00 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எஸ்6000க்கு 2.5, எஸ்18000க்கு 7.5, எஸ்24000க்கு 10 வருகிறதா என்று பாருங்கள். நடுவில் சரியாக இருந்து உச்சியில் மட்டும் குறைந்தால் வழங்கு மின்னழுத்தம் போதவில்லை.

முடிந்தால் உள்ளீடும் வெளியீடும் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோகப்ளரால் பிரிக்கப்பட்ட மாட்யூலை வாங்குங்கள்; வெளியீட்டுப் பக்கத்துக்குத் தனி வழங்கி கொடுங்கள். பிரிக்கப்படாத மாட்யூலில் விஎஃப்டியின் தரையும் கணினியின் யுஎஸ்பி தரையும் ஒன்றாகிவிடும். ஸ்பிண்டில் ஓடும்போது யுஎஸ்பி இணைப்பு அறுந்து வேலை பாதியில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 4: விஎஃப்டியோடு இணைத்தல், ஓட்டக் கட்டளை

வேகம்: மாட்யூலின் வெளியீடு விஐ முனைக்கு, அதன் தரை ஏசிஎம் முனைக்கு. முறுக்கிய இரட்டைக் கம்பியை ஷீல்டோடு பயன்படுத்தி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். முனைகளுக்கு அருகே விஆர், விஐ என்று குறித்த ஜம்பர் (முட்களை இணைக்கும் சிறு செருகி) உள்ள மாதிரிகளில் அதை விஐ பக்கம் மாற்ற வேண்டும். விஆர் என்பது முகப்புக் குமிழ். ஏசிஎம்மும் டிசிஎம்மும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று அனலாக் தரை, மற்றது டிஜிட்டல் தரை. இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஓட்டம்: எஃப்ஓஆர் முனையை டிசிஎம்மோடு சேர்த்தால் ஸ்பிண்டில் முன்னோக்கி ஓடும், பிரித்தால் நிற்கும். இங்கேதான் சிலர் ஒரு துண்டுக் கம்பியால் இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு, வேகம் பூஜ்யமானால் தானாக நிற்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நிற்காது. பிடி011இல் 120 வைத்திருக்கிறோம் அல்லவா? ஓட்டக் கட்டளை இருக்கும்வரை வோல்ட் பூஜ்யமானாலும் விஎஃப்டி 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. எம்5 கொடுத்த பிறகும் 7,200 சுற்றில் பிட் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் அதை மாற்றக் கை நீட்டுவீர்கள். ஓட்டக் கட்டளைக்குத் தனி ரிலே கட்டாயம்.

ரிலேயை இயக்குவது டி13. ஆனால் ஜிஆர்பிஎல்லின் இயல்பான அமைப்பில் டி13 என்பது சுழற்சித் திசை முனை. எம்3க்கு அது தாழ்ந்தே இருக்கும், ரிலே இழுக்காது. மென்பொருளின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, திசை முனையை எனேபிள் முனையாகப் பயன்படுத்தும் வரிக்கு முன்னால் உள்ள இரண்டு சாய்கோடுகளை நீக்கிவிட்டு மறுபடி ஊனோவில் ஏற்ற வேண்டும். அந்த வரியின் பெயர் யூஸ்_ஸ்பிண்டில்_டிஐஆர்_ஆஸ்_எனேபிள்_பின். திசை மாற்றும் வசதி போய்விடும். செதுக்கு வேலைக்கு அது தேவைப்படுவதே இல்லை. மென்பொருளைத் தொட விருப்பம் இல்லாதவர்கள் ஏ3 முனையில் ரிலேயை வைத்து, எம்8, எம்9 குளிர்விப்புக் கட்டளைகளால் இயக்கலாம். வேலை நடக்கும், ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. எம்5 கொடுத்தால் ஸ்பிண்டில் நிற்க வேண்டும் என்பது எந்த இயந்திரத்திலும் மாறக் கூடாத விதி.

ரிலே பலகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலிவான பல பலகைகள் சமிக்ஞை தாழ்ந்திருக்கும்போது இழுப்பவை. அப்படிப்பட்டதை வைத்தால் எம்5க்கு ஓடும், எம்3க்கு நிற்கும். உயர் நிலையில் இழுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் அதற்கு ஜம்பர் உண்டு.

இன்னொன்று. ஊனோவின் மீது உள்ள சிறிய விளக்கும் அதே டி13இல்தான் இருக்கிறது. ஊனோ ஒவ்வொரு முறை மறுதொடக்கம் ஆகும்போதும் அதன் தொடக்க நிரல் அந்த விளக்கைச் சில முறை மின்னச் செய்யும். கணினியில் இணைப்புப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஊனோ மறுதொடக்கம் ஆகிறது. அதாவது, நீங்கள் இணைப்பு கொடுத்த கணத்தில் ரிலே டக் டக் என்று துடிக்கும். ஸ்பிண்டில் ஒரு சிறு உதறலோடு அசையக்கூடும். இதைத் தடுக்க எஃப்ஓஆர் கம்பியில் தொடராக ஒரு சாவி சுவிட்சை வையுங்கள். கணினி இணைந்து, பிட் மாட்டி, மூடியை மூடிய பிறகே அதைத் திருப்ப வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானின் ஒரு தொடுமுனையையும் அதே கம்பியில் தொடராகக் கோத்துவிடுங்கள். பொத்தானின் இரண்டாவது தொடுமுனை, விஎஃப்டிக்கு மெயின் மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரை விடுவிக்கட்டும். கணினி உறைந்துபோனாலும் ஸ்பிண்டில் நிற்க இந்த வழி ஒன்றுதான் நம்பகமானது.

படி 5: பொறுப்பை மாற்றிக் கொடுத்தல்

இணைப்புகள் முடிந்த பிறகு விஎஃப்டியில் பிடி001ஐ 1 ஆக்குங்கள். ஓட்டக் கட்டளை வெளி முனையிலிருந்து வரும். பிடி002ஐயும் 1 ஆக்குங்கள், வேகமும் அங்கிருந்தே. பிடி070ஐ 0 ஆக்கினால் உள்ளீடு 0 முதல் 10 வோல்ட். பிடி072இல் 400, பிடி073இல் 0. இவை 10 வோல்ட்டுக்கும் பூஜ்யம் வோல்ட்டுக்கும் உரிய ஹெர்ட்ஸ்.

எம்3 எஸ்12000 கொடுங்கள். திரையில் 200 வர வேண்டும். எஸ்18000க்கு 300, எஸ்24000க்கு 400. ஓரிரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இயல்பு. ஜிஆர்பிஎல்லிடம் இருப்பதே 255 படிகள்தான், ஒரு படிக்குச் சுமார் 94 சுற்று. எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் விலகினால் மாட்யூலின் திருகைத் தொடுங்கள்.

எஸ்12000க்கே 400ஐத் தொட்டுவிட்டால் பிடி070 இன்னும் 5 வோல்ட் அமைப்பில் இருக்கிறது. எஸ் எண்ணை மாற்றினாலும் வேகம் மாறாமல் முகப்புக் குமிழுக்கு மட்டும் மாறினால் ஜம்பர் விஆரில் இருக்கிறது. ரிலே இழுக்கும் சத்தம் கேட்டும் ஸ்பிண்டில் அசையாவிட்டால் பிடி001ஐப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் 120 ஹெர்ட்ஸிலேயே நின்றால் விஐ முனைக்கு வோல்ட் வந்து சேரவில்லை; மீட்டரை நேராக அந்த முனையிலேயே வைத்து அளங்கள்.

ஒளி வழி சுற்றுமானி இருந்தால் உண்மையான சுற்றையும் அளந்து பாருங்கள். இண்டக்‌ஷன் மோட்டார் என்பதால் திரையில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே சுற்றும். சுமை ஏற ஏற அந்த வித்தியாசம் கூடும்.

படி 6: நிரலுக்குப் பொறுமை கற்பித்தல்

எம்3 கொடுத்ததும் ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் காத்திருக்காது. ஸ்பிண்டில் இன்னும் மூவாயிரத்தில் முனகிக்கொண்டிருக்கும்போதே பிட்டை மரத்துக்குள் இறக்கிவிடும். எனவே எம்3 வரிக்கு அடுத்து ‘ஜி4 பி10’ என்று ஒரு காத்திருப்பு வரி வேண்டும். ஜிஆர்பிஎல்லில் பி என்பது விநாடி. வரைபடத்தை நிரலாக்கும் கேம் மென்பொருளின் போஸ்ட் பிராசஸரில் (நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப எழுதும் பகுதியில்) ஒருமுறை இதைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு நிரலிலும் தானாக வரும். பி எண் பிடி014இல் வைத்த நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அந்த நேரத்தைக் குறைக்க ஆசை வரும். வேகம் கூட்டும் நேரத்தை அதிகம் குறைத்தால் மின்னோட்டம் எகிறி விஎஃப்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். குறைக்கும் நேரத்தைச் சுருக்கினால், சுற்றும் தண்டின் ஆற்றல் மின்சாரமாகத் திரும்பி வந்து மிகை மின்னழுத்தப் பிழை காட்டும். பிரேக் மின்தடை இல்லாத சிறிய விஎஃப்டியில் 8 முதல் 12 விநாடிக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது மேல்.

இரைச்சல்

எல்லாம் சரியாக ஓடி, ஸ்பிண்டில் வேகம் ஏறியதும் லிமிட் சுவிட்ச் தானாக அடித்துக்கொண்டால் அது மின் இரைச்சல். விஎஃப்டி தன் வெளியீட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மோட்டார் கேபிளையும் சமிக்ஞைக் கம்பிகளையும் ஒரே சங்கிலித் தடத்தில் போட்டிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். லிமிட் சுவிட்ச் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தரைக்குப் போடுங்கள். யுஎஸ்பி கேபிள் குட்டையாக, ஃபெரைட் உருளையோடு இருப்பது நல்லது. எர்த் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரட்டும். இத்தனைக்குப் பிறகும் தொல்லை இருந்தால் படி 1க்குத் திரும்பிப் போய் அந்த நான்காவது முள்ளை மறுபடி அளந்து பாருங்கள்.

வேறு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு

சிறிய 3018 வகை இயந்திரங்களில் இருப்பது 24 வோல்ட் நேர்மின்சார மோட்டார். அதன் பலகையிலேயே மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் இருப்பதால் மேலே சொன்ன மாற்றி எதுவும் தேவையில்லை. $30இல் சுமையற்ற உச்ச வேகத்தை அளந்து எழுதினால் போதும். வெளியிலிருந்து மாஸ்ஃபெட் சேர்ப்பவர்கள் மோட்டாருக்கு இணையாக ஒரு டையோடைத் தலைகீழாகப் போட மறக்க வேண்டாம். பின்னூட்டம் இல்லாத அமைப்பு என்பதால் ஆழமாக வெட்டும்போது வேகம் சரியத்தான் செய்யும்.

ஈஎஸ்பி32 பலகையில் ஃப்ளூயிட்என்சி அல்லது ஜிஆர்பிஎல்ஹால் மென்பொருளை ஓட்டுபவர்கள் வோல்ட் வழியையே விட்டுவிட்டு ஆர்எஸ்485 என்ற தொடர்புக் கம்பி வழியாக விஎஃப்டியோடு நேரடியாகப் பேசலாம். இரண்டே கம்பி, ஓட்டமும் வேகமும் அதிலேயே போகும், அளவுத் திருத்தம் என்ற பேச்சே இல்லை. ஹுவான்யாங்கில் பிடி001, பிடி002 இரண்டையும் 2 ஆக்க வேண்டும். அதன் மாட்பஸ் பேச்சு (கருவிகள் தமக்குள் பேசும் நெறிமுறை) வழக்கமான மாட்பஸிலிருந்து வேறுபட்டது என்பதால், மென்பொருள் அமைப்பில் ஹுவான்யாங் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகப் பலகை வாங்கப் போகிறவர் யாராவது என்னைக் கேட்டால் இந்த வழியைத்தான் சொல்வேன். ஊனோவில் இது முடியாது. அதன் ஒரே தொடர் வாயிலைக் கணினி பிடித்துக்கொண்டிருக்கிறது.

குமிழ் வைத்த மின்வழங்கியோடு வரும் பிரஷ் வகை நேர்மின்சார ஸ்பிண்டில் உள்ளவர்கள், அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு அதன் மூன்று கம்பிகளில் சமிக்ஞையைக் கொடுக்கலாம் என்று எண்ணுவார்கள். மலிவான பல மின்வழங்கிகளில் அந்தக் குமிழின் கம்பிகள் மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டவை அல்ல. அதில் ஊனோவை நேராக இணைத்தால் கணினியின் உலோகப் பெட்டி வரைக்கும் மெயின் மின்சாரம் வந்துவிடலாம். ஆப்டோகப்ளரால் பிரித்த பிடபிள்யூஎம் உள்ளீடு கொண்ட மின்வழங்கியாக மாற்றிக்கொண்ட பிறகே அதில் கை வையுங்கள்.